கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்ர சப்பாத்து

என்ன தம்பி, என்ர காலைப் பாக்கிறீங்கள்? பாருங்கோ, பாருங்கோ, அதில என்ன. வீட்டுக்குள்ள போடுற செருப்புத்தான். அதுவும் என்ரையில்லை, எங்கட மனுசன்ர. இந்தக் கார்த்திகைக் குளிருக்குள்ள ஒரு கிழவி பஞ்சுச் செருப்போடை பஸ் ஏறினால் ஆரும் பாப்பினம்தான். அந்த முன்சீற்று வெள்ளைக்காரியும் பாத்தவ. ஆனால் அவையள் பாத்திட்டுப் பாக்காத மாதிரி இருப்பினம். நீங்கள் பாத்த பார்வையிலயே எங்கட பிள்ளை எண்டு பிடிச்சிட்டன்.

இருங்கோ, இந்தப் பையை மடியில வைக்கிறன். ஆ, இப்ப இருங்கோ. படிக்க வந்தனீங்களோ? எந்த ஊர்? வவுனியாவோ, நல்லது. நாங்கள் இணுவில். எங்கை இறங்கிறீங்கள்? கடைசித் தரிப்பிலையோ? அப்ப சொல்லி முடிக்கலாம்.

என்ர சப்பாத்து இப்ப லைபிரரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குது தம்பி. சிரிக்காதேங்கோ. உண்மையா. மேலை லைட்டும் போட்டு விட்டிருக்கினம்.

அது சும்மா சப்பாத்தில்லை, கேளுங்கோ. எனக்கு முழங்கால் வருத்தம். மகள் வதனி பேர்மிங்காமில இருக்கிறாள். அவள் லீவு போட்டு வந்து, ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், என்ர காலை மெசினில ஏத்தி இறக்கி அளவெடுத்து, சொல்லிச் செய்விச்ச சப்பாத்து. லேஸ் கட்டத் தேவையில்லை, வெல்க்ரோ. உள்ளுக்குப் பஞ்சு மெத்தை. போட்டுக்கொண்டு நடந்தால் ஆரோ தூக்கிக்கொண்டு போற மாதிரி இருக்கும். "அம்மா, இதைக் கோயில் வாசல்ல மட்டும் கழட்டிப்போட்டுத் துலைச்சுப்போடாதேங்கோ" எண்டு சொன்னவள். கோயில்ல துலைக்கேல்லையே நான். கோயில்ல ஒரு நாளும் துலைக்கேல்லை.

எல்லாத்துக்கும் காரணம் பவளம். பவளராணி எண்டு முழுப்பேர், எங்கட முதியோர் சங்கத் தலைவி. போன வரியம் கவுன்சில்காரர் மரம் நடேக்கை இவ போய் மண்வெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. ஒரு கிடங்கும் வெட்டேல்லை, சும்மா பிடிச்சவ. அது பேப்பரில வந்திட்டுது. வந்த நாள் துவக்கம் அவவின்ர எடுப்பைப் பாக்க ஏலாது. படத்தைச் சட்டம் போட்டு, வீட்டுக்குள்ள போன உடனை கண்ணில குத்திற மாதிரிக் கொழுவி வச்சிருக்கிறா. பாத்ரூமுக்குப் போறதெண்டாலும் அந்த மண்வெட்டிக்குக் கும்பிடு போட்டிட்டுத்தான் போகோணும்.

அந்தப் பவளம்தான் சங்கத்தில எழும்பிச் சொன்னவ, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரவுண் ஹோல், அதுதான் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னாலை மெழுகுதிரிக் கூட்டம் எண்டு. கடல்ல வள்ளம் கவிண்டு சனம் செத்தது ரீவியில காட்டினவை எல்லே, அந்த அகதியளுக்காக. நாங்களும் ஒரு சமூகமாப் போய் நிக்கோணுமாம்.

எனக்கு இந்த அகதியள் விசயத்தில ஒரு கருத்து இருக்குது தம்பி. இரக்கம் வேறை, கருத்து வேறை. ரப்பர் வள்ளத்தில ஏறி, இருக்க இடமில்லாமல், கழுத்தளவு தண்ணிக்குள்ள... ஒரு ஒழுங்கு முறை வேண்டாமோ? நாங்களும்தானே வந்தனாங்கள். பிளேனில வந்தனாங்கள். சாறி உடுத்து, தலை இழுத்து, மரியாதையா. பாஸ்போர்ட்டில இருந்தது வேறை ஒரு பொம்பிளையின்ர படம், அது சரி. அவவுக்கு மூக்குத்தி இருந்தது எண்டு ஏஜென்சிக்காரன் சொல்ல, நானும் கொழும்பில மூக்குக் குத்தினனான். இந்தா, அண்டைக்குக் குத்தினதுதான் இது. வடிவோ? ஆனால் ரிக்கெற் எங்கட காசு. சீற் பெல்ற்றும் போட்டனான்.

ஆனபடியால், போறதோ விடுறதோ எண்டு யோசிச்சன். பிறகு பவளத்திட்டை ஒண்டே ஒண்டு கேட்டன். "பேப்பர்காரர் வருவினமோ?" எண்டு. "வராமல்?" எண்டா. "அப்ப நானும் வாறன், பாவம் அந்தச் சனம்" எண்டன்.

போனம். சனம் கனக்க. எல்லாம் கறுப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர், ஒரு சத்தமில்லை. ரவுண் ஹோல் படியில வெள்ளைச் சீலை விரிச்சு, நடுவில ஒரு சின்னப் பிள்ளையின்ர படம். சுத்திவரப் பூ. போத்தலுக்குள்ள மெழுகுதிரியள் எரியுது. பொய் சொல்லேல்லை, எனக்குச் செத்தவீட்டு எட்டாம் நாள் படையல் மாதிரி இருந்தது.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் படிச்ச பிள்ளை. படம் வச்சு, பூ வச்சு, விளக்கு ஏத்தியிருக்கிற இடத்தில சப்பாத்தோடை நிப்பீங்களோ? நிக்க மாட்டீங்கள். கால் தானாக் கழட்டும். சரி, எங்கை கழட்டி வைக்கிறது எண்டு பாத்தால், படிக்குக் கீழை வரிசையாச் சப்பாத்து! பெரியாக்களின்ரை, பிள்ளையளின்ரை, கைக்குழந்தையின்ரை, ஒவ்வொரு சோடியும் நேராப் பாத்த மாதிரி, வடிவா அடுக்கியிருக்குது. அட, வெள்ளைக்காரரும் பழகிட்டினம் எண்டு எனக்குச் சரியான சந்தோசம். எங்கட கோயில்ல இப்பிடி அடுக்கியிருந்தால் எவ்வளவு நல்லது. நானும் என்ர சப்பாத்தைக் கழட்டி, வரிசை குலையாமல், கடைசியில கொண்டுபோய் வச்சன்.

வச்சிட்டுத் திரும்பிப் பாக்கிறன், கனபேர் சப்பாத்தோடையே நிக்கினம். பவளமும் நிக்கிறா, குதி உயர்ந்த சப்பாத்தோடை. எனக்கு ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லை. எங்கட கோயில்லயும் அப்பிடிக் கொஞ்சப்பேர் இருக்கினம்தானே. "கழட்டுங்கோவன்" எண்டு பவளத்துக்குக் கண்ணைக் காட்டினன். அவ விளங்காத மாதிரி அங்காலை பாத்தவ. சொக்ஸில பொத்தலாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டன்.

சீமெந்துக் குளிர் சொக்ஸுக்குள்ளால ஏறுது. ஏறட்டும் எண்டு நிண்டன். எனக்கு வெறுங்கால் புதிசோ? தொண்ணூத்தைஞ்சில ஆமி வருகுதெண்டு இணுவில்ல இருந்து கைதடி வரைக்கும் நடந்தனான், அந்த மழைக்குள்ள. வதனி இடுப்பில, தலையில பொட்டளி, பின்னாலை அம்மா. நாவற்குழிப் பாலத்தில சனம் நெரிச்ச நெரியில என்ர செருப்பொண்டு போச்சுது, ஒற்றையை வச்சு என்ன செய்யிறது எண்டு மற்றதையும் கழட்டி எறிஞ்சிட்டன். அம்மாவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, அவ செருப்பே போடாத ஆள். ஆனால் அது வேறை கதை. அது இடப்பெயர்வு. ஊரோடை வெளிக்கிட்டனாங்கள். அகதி எண்டுறது வேறை.

எங்கை விட்டனான்? ஓ, கூட்டம். ஹெதர் எண்டு ஒரு பிள்ளைதான் நடத்தினது. தலைமயிர் பச்சை, ஆனால் தங்கமான பிள்ளை. அவள் மைக்கைப் பிடிச்சுக் கதைக்கத் துவங்கினாள். என்ர இங்கிலீசு கடை இங்கிலீசு, ஆனால் ஆறுதலாக் கதைச்சால் விளங்கும். அவள் சொல்லுறாள், இந்தச் சப்பாத்தெல்லாம் போய்ச் சேராத சனத்தின்ர அடையாளமாம். ஒவ்வொரு சோடியும் ஒரு சீவனாம். நல்ல மனமுள்ள ஆக்கள் வீட்டில இருந்து கொண்டுவந்து வச்சதாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அந்த நேரம் பாத்து அவள் படியால இறங்கி நேரா வரிசையின்ர கடைசிக்கு வாறாள் தம்பி. என்ர சப்பாத்துக்குப் பக்கத்தில குந்தினாள்.

"இதைப் பாருங்கள்" எண்டுறாள். "ஒரு சின்னப் பெண்மணியின் சப்பாத்து. வலது குதி தேய்ஞ்சு போயிருக்கு. எவ்வளவு தூரம் நடந்திருப்பா." முழங்கால் வருத்தக்காரி சாய்ச்சு நடந்தால் தேயாதோ? "இந்தச் சேற்றைப் பாருங்கள். எந்த நாட்டு மண்ணோ." கோயில் கார்ப் பார்க் மண் தம்பி! காலமை பூசைக்குப் போய் மிதிச்சது!

சனம் விக்கி விக்கி அழுகுது. ஒரு கிழவன் தொப்பியைக் கழட்டிட்டார். ஒரு பொம்பிளை வந்து என்ர சப்பாத்துக்குள்ள ஒரு வெள்ளைப் பூவைச் செருகினாள். இன்னொருத்தி எழுதின மட்டையொண்டைக் கட்டி விட்டாள், மற்றச் சோடியளில இருந்த மாதிரி. "பெயர் தெரியாத பெண். நடந்து வந்தவர். போய்ச் சேரவில்லை."

ஒண்டு சொல்லுறன், ஆரிட்டையும் சொல்லாதேங்கோ. நானும் அழுதனான். ஆரின்ர சப்பாத்து எண்டு தெரிஞ்சும் அழுதனான். அந்தக் குளிரோ, அந்தப் பிள்ளை கதைச்ச விதமோ, என்னவோ.

கூட்டம் முடிய, சப்பாத்துகளைப் பெட்டியளுக்குள்ள அடுக்கத் துவங்கிட்டினம். நான் விழுந்தடிச்சு ஓடினன். ஹெதரின்ர கையைப் பிடிச்சு, "எக்ஸ்கியூஸ் மீ, திஸ் இஸ் மை ஷூ" எண்டன். வேறை எப்பிடிச் சொல்லுறது? அவளுக்குக் கண் நிறைஞ்சு போச்சுது. என்னைக் கட்டிப் பிடிச்சாள். "ஓம் அம்மா, உங்கட சப்பாத்துத்தான், என்ர சப்பாத்துந்தான், நாங்கள் எல்லாரும் இந்தச் சப்பாத்துக்குள்ளதான் நிக்கிறம்" எண்டுறாள். பிள்ளை, நான் நிக்கேல்லை, நான் சொக்ஸோடை நிக்கிறன் எண்டு சொல்ல வாயெடுக்க, பளீரெண்டு வெளிச்சம் அடிச்சுது. பேப்பர்காரன்!

பிறகு என்ன சொல்லுறது. படம் எடுக்கேக்கை வாயை மூடிக்கொண்டு நிக்கிறதுதானே முறை.

திரும்பிப் போற பஸ்ஸில பவளம் பக்கத்தில. அவவின்ர கண் நேரா என்ர காலுக்குத்தான் போச்சுது. "எங்கையப்பா உம்மட சப்பாத்து?" எண்டு கேட்டா. தெரியாமல் வச்சிட்டன் எண்டு சொன்னால், அடுத்த சங்கக் கூட்டத்தில அதுதான் முதல் நிகழ்ச்சி. ஏழு சென்மத்துக்கும் சிரிப்பினம். அதனாலை, "குடுத்திட்டன்" எண்டன். "பாவம், அந்தச் சனம். மெழுகுதிரி மட்டும் காணுமோ, கையால ஏதும் குடுக்கோணும் எண்டு மனம் சொல்லிச்சுது" எண்டன். பவளத்தின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கோணும். வீடு வரைக்கும் தன்ர குதிச் சப்பாத்தையே குனிஞ்சு பாத்துக்கொண்டு வந்தா.

வெள்ளிக்கிழமை பேப்பரில படம். ஹெதரும் நானும் கட்டிப்பிடிச்சபடி. கீழை என்ர சொக்ஸ் கால், பக்கத்தில சப்பாத்து. பவளத்தின்ர ஒரு முழங்கை மட்டும் ஓரத்தில விழுந்திருக்குது. சங்கத்தில எனக்குப் பொன்னாடை போத்தினவை. ஆர் போத்தினது? தலைவிதானே போத்தோணும்! அவவின்ர கையாலேயே போத்தினவ. அந்தச் சுகம் இருக்கே தம்பி, அதுக்கு ஒரு சோடி சப்பாத்து என்ன, பத்துச் சோடி குடுக்கலாம்.

ஆனால் முழங்கால் பொன்னாடையைக் கேக்குதோ? பழைய சப்பாத்தைப் போட்டால் படி ஏற உயிர் போகுது. கடைசியில இந்தச் செருப்புத்தான் வருத்தம் தராமல் இருக்குது. அதுக்குள்ளை வதனி போன் எடுத்து, சனிக்கிழமை வாறன், சப்பாத்து எப்பிடி, நல்லா நடக்கிறீங்களோ எண்டு கேக்கிறாள். "நல்லா நடக்குது" எண்டன். ஓம், அது ஊர் ஊரா நடக்கப் போகுது எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. அந்தச் சப்பாத்துகளைக் கொஞ்ச நாள் எங்கட லைபிரரியில கண்காட்சியா வச்சிட்டு, பிறகு வேறை வேறை ஊருக்குக் கொண்டுபோகினமாம்.

அதுதான் இண்டைக்குக் காலமை முடிவெடுத்திட்டன். ஆருக்கும் தெரியாமல் போய், உள்ளதைச் சொல்லி, எடுத்துக்கொண்டு வந்திடுறது. ஆதாரத்துக்குச் சப்பாத்து வாங்கின பெட்டியையும் கொண்டுபோனனான். இந்தப் பைக்குள்ள இருக்கிறது அதுதான்.

லைபிரரியில ஒரு சர்தார்ப் பெடியன். நீலத் தலைப்பா, நல்ல மரியாதை. முதல்ல அவனுக்கும் விளங்கேல்லை. "உங்கட சப்பாத்தோ? நீங்கள் இதோடையோ கடல் கடந்தனீங்கள்?" எண்டு எழும்பி நிண்டிட்டான். "இல்லையப்பு, நான் அகதியில்லை, நான் பிளேனில வந்தனான், இது போன ஆவணியில வாங்கினது" எண்டு பெட்டியைத் திறந்து காட்டினன். அதில அளவு, நிறம் எல்லாம் போட்டிருக்குதுதானே. பிறகு எல்லாத்தையும் சொன்னன், படம், பூ, விளக்கு, ஏன் கழட்டினனான் எண்டு. அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்ச சிரிப்பில தலைப்பா ஆடிச்சுது. "ஆன்ரி, குருத்துவாராவுக்குப் போற ஆக்கள் நாங்கள், நானும் கழட்டித்தான் இருப்பன்" எண்டான். பாத்தீங்களோ, விளங்கிறவனுக்கு விளங்கும்.

திறப்பை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் திறந்தான். சப்பாத்தை எடுத்து என்ர கையில தந்தான். அவ்வளவுதான், அலுவல் முடிஞ்சுது. எனக்கு அவனைக் கும்பிடோணும் போல இருந்தது.

பிறகு அவன் அந்த மட்டையைக் கழட்டினான். "இது இனித் தேவையில்லைத்தானே, ஆள் ஆர் எண்டு தெரியும்" எண்டு சிரிச்சுக்கொண்டு குப்பைக் கூடைப் பக்கம் கையை நீட்டினான். எனக்கு என்ன வந்ததெண்டு தெரியாது. "நில்லு" எண்டு கத்திப்போட்டன். லைபிரரியில கத்தக் கூடாது, தெரியும். நாலு பேர் திரும்பிப் பாத்தவை.

மட்டையை வாங்கித் திருப்பி வாசிச்சன். பெயர் தெரியாத பெண். நடந்து வந்தவர். போய்ச் சேரவில்லை.

எனக்குக் கோபம் வந்திட்டுது தம்பி. அதென்ன பெயர் தெரியாத பெண்? ஆருக்குத் தெரியாது? எழுதினவைக்குத் தெரியாது. பெத்ததுகளுக்குத் தெரியும், பிள்ளையளுக்குத் தெரியும். பெயரில்லாமல் ஒரு சனம் நடக்குமோ?

எங்கட அம்மா கைதடியில ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலதான் போனவ. நடந்து வந்து கொஞ்ச நாளைக்குள்ள. காய்ச்சல். கால் ரண்டும் பிளந்து போய்க் கிடந்தது. வீட்டை போவம், வீட்டை போவம் எண்டுதான் சொல்லிக்கொண்டு கிடந்தவ. மாடு கட்டினபடி விட்டிட்டு வந்திட்டன் எண்டு ஒரே புலம்பல். மாட்டை அவிட்டு விட்டது நான்தான், எத்தினை தரம் சொல்லியும் அவ நம்பேல்லை.

ஈரவிறகில எரிச்சது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குக் கொண்டுபோக ஏலாது, அங்கை ஆமி. ஐயரும் எங்களை மாதிரி எங்கையோ ஒரு மரத்துக்குக் கீழை. உங்களுக்குத் தெரியும்தானே, அந்தியேட்டியில ஐயருக்குக் குடை, செருப்பு, ஊண்டுகோல், பாய் எல்லாம் குடுக்கிறது. செத்த ஆள் போற வழியில கால் சுடாமல், வெயில் படாமல் போகட்டும் எண்டு. எங்கட அம்மாவுக்கு ஒண்டும் குடுக்கேல்லை. வெறுங்காலோடை நடந்து வந்தவ, வெறுங்காலோடையே அனுப்பிவிட்டிட்டம்.

நான் சப்பாத்தைத் திருப்பி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சன். முன்பக்கம் பாக்கிற மாதிரி, நேரா. அந்தப் பெடியனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "பேனை எடு அப்பு, புது மட்டை எடு, நான் சொல்லுறதை எழுது" எண்டன். கந்தையா நாகமுத்து, எங்கட அம்மாவின்ர பேர். எழுத்து எழுத்தாச் சொல்லிக் குடுத்தன், பிழை விடக்கூடாது எண்டு ரண்டு தரம் பாத்தன். எங்கையிருந்து? இணுவில். எங்கை போறதுக்கு வெளிக்கிட்டவ எண்டு கேட்டான். வீட்டை எண்டன்.

பிறகு மெல்லமாக் கேட்டான், அவ ஒரு அகதியோ எண்டு.

கொஞ்சம் யோசிச்சன் தம்பி. ஓம், அப்பிடியே எழுது எண்டன். அவ பாவம், பிளேன் ஏறக் கிடைக்கேல்லை. நான் இல்லை, அதையும் அவனுக்கு வடிவாச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.

வதனி சனிக்கிழமை வந்து கத்துவாள். கத்தட்டும். அம்மம்மாவுக்குக் குடுத்திட்டன் எண்டு சொல்லுவன். விளங்கினால் விளங்கட்டும், இல்லாட்டில் திரும்பவும் மெசினில காலை ஏத்துவம். பவளத்துக்கு மட்டும் ஒண்டும் தெரியக்கூடாது. அவ தன்ர சப்பாத்தையும் கொண்டுபோய் வச்சுப்போடுவா, பிறகு பெட்டிக்குள்ள இடம் காணாது.

வெல்க்ரோ வச்ச சப்பாத்து. அவ குனியவும் தேவையில்லை. நல்ல சொகுசா இருக்கும், கொஞ்சம் பிந்தினாலும்.

ஆ, என்ர தரிப்பு வந்திட்டுது. அந்தச் சிவப்புப் பட்டனை ஒருக்கால் அமத்துங்கோ. நான் சொன்னதை மறந்திடாதேங்கோ தம்பி, நீங்கள் நாலு இடம் போய்வாற பிள்ளை. எங்கையாவது சனம் குடை கொண்டுவந்து வைக்கிற கூட்டம் நடந்தால், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ.